பன்யன் ஆபரேஷன்: சின்னத் துளையா, திறந்து செய்வதா? முடிவெடுப்பது எப்படி

கால் கட்டைவிரலின் அடியில், உள்பக்கமாக ஒரு எலும்பு முண்டு போலத் துருத்திக்கொண்டு நிற்கும், விரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்திருக்கும். டாக்டர்கள் இதைப் பன்யன் என்பார்கள், ரிப்போர்ட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதியிருக்கும். இதற்கு ஆபரேஷன் என்று பேச்சு எடுத்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சின்ன ஓட்டை போட்டே செய்துவிடுகிறார்களாமே, அதைச் செய்துகொள்ளலாமா, இல்லை பழையபடி திறந்து செய்வதுதான் நல்லதா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலில் எவ்வளவு நீளம் கிழிக்கிறார்கள் என்பது இந்த முடிவில் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். உள்ளே எலும்பை எங்கே வெட்டுகிறார்கள், எவ்வளவு நகர்த்துகிறார்கள், எதை வைத்துப் பிடித்து நிறுத்துகிறார்கள், செய்யப்போகிறவரின் கை அந்த முறையில் எவ்வளவு பழகியிருக்கிறது, இந்த நான்கையும் பார்த்துவிட்டு மீதி இருந்தால் தழும்பைப் பற்றி யோசிக்கலாம்.

ஆபரேஷனே தேவையா?

வலி இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் செய்துகொள்ளாதீர்கள். நல்ல எலும்பு டாக்டர் யாரும் அதற்காக மட்டும் கத்தியை எடுக்க மாட்டார். வலி இல்லாத காலில் ஆபரேஷன் செய்து, அப்புறம் வலியோடு வீட்டுக்கு வந்தால் அதைவிடக் கொடுமை வேறு இல்லை, அப்படி நடக்கவும் செய்கிறது.

முன்பக்கம் அகலமான செருப்பு, ஷூ, முண்டு உராயாமல் இருக்க ஒரு மெத்தைப் பட்டை, தேவைப்பட்டால் உள்ளங்காலுக்கு ஒரு இன்சோல், இதையெல்லாம் சில மாதம் உண்மையாக முயன்று பாருங்கள். கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கிற விரல் இடுக்கு சிலிக்கான், இரவில் கட்டிக்கொள்ளும் பட்டை இவையெல்லாம் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் வளர்ந்த ஆளின் சாய்ந்த எலும்பை அவை நேராக்குவதில்லை. "30 நாளில் நேராகும்" என்கிற விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம், இது பன்யன்தானா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ராத்திரியில் திடீரென்று மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலித்தால் அது யூரிக் ஆசிட் சமாச்சாரமாக இருக்கலாம். விரல் சாயாமல் நேராகவே இருக்கிறது, ஆனால் மேல்நோக்கி மடங்க மறுக்கிறது என்றால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எல்லாம் செய்தும் வலி நிற்கவில்லை, நடை சுருங்கிவிட்டது, இரண்டாவது விரல் கட்டைவிரலின் மேல் ஏறத் தொடங்கிவிட்டது, பாதத்தின் முன்பந்தில் ஆணி மாதிரி தடிப்பு வந்து குத்துகிறது என்றால் சரி, ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நின்றபடி எடுத்த எக்ஸ்-ரே இல்லாமல் பேச்சே வேண்டாம்

படுக்க வைத்தோ உட்கார வைத்தோ எடுத்த எக்ஸ்-ரே இதற்குப் பயன்படாது. உடம்பு எடை காலில் இறங்கும்போதுதான் எலும்பு எவ்வளவு விரிகிறது என்பது தெரியும். அதனால் லேபில் எடுக்கும்போதே "நின்றபடி, எடை கொடுத்து" என்று சொல்லுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குறைந்தது இரண்டு படம் வேண்டும்.

அந்தப் படத்தில் டாக்டர் இரண்டு கோணங்களை அளப்பார். ஒன்று, கட்டைவிரல் தன் பின்னால் இருக்கும் நீண்ட எலும்பிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. சாதாரணமாக இது 15 டிகிரிக்குள் இருக்கும். இன்னொன்று, கட்டைவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்புக்கும் இரண்டாம் விரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்புக்கும் நடுவே உள்ள விரிவு. இது 9 டிகிரிக்குள் இருந்தால் சாதாரணம். விரல் சாய்வு 40 டிகிரியைத் தாண்டினாலோ எலும்பு விரிவு 16 டிகிரியைத் தாண்டினாலோ கடுமையானது என்பார்கள். நடுவே இருப்பது லேசு, நடுத்தரம் என்று பிரியும்.

உங்கள் இரண்டு எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டாக்டரிடம் போகும்போது, "ரொம்ப வளைந்திருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த இரண்டு எண்ணும் படமும் ஆயிரம் மடங்கு உதவும். மூட்டு தேய்ந்திருக்கிறதா, பாதத்தின் நடுப்பகுதியில் இந்த எலும்பு தொடங்குகிற இடத்தில் மூட்டு தளர்ந்து ஆடுகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எந்த ஆபரேஷன் என்பதைத் தீர்மானிப்பதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டு முறையிலும் உள்ளே நடப்பது என்ன

பலரும் நினைப்பது, துருத்திய எலும்பைச் சீவி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று. சீவ மட்டும் செய்தால், சாய்ந்துபோன சுவரில் பிதுங்கிய இடத்தைக் கொத்திவிட்டுப் பூச்சு பூசின கதைதான். சுவர் சாய்ந்தேதான் நிற்கும், கொஞ்ச நாளில் பிதுக்கமும் திரும்ப வரும். அந்த முண்டு பெரும்பாலும் புதிதாக முளைத்த எலும்பு கிடையாது, பக்கவாட்டில் தள்ளிப்போன நீண்ட எலும்பின் தலைதான் வெளியே தெரிகிறது. அதனால் எந்த முறையாக இருந்தாலும் எலும்பை வெட்டி, நகர்த்தி, பொருத்தத்தான் வேண்டும்.

திறந்த முறையில் கட்டைவிரலின் உள்பக்கம் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்து, மூட்டைச் சுற்றியுள்ள உறையைத் திறந்து, எலும்பைக் கண்ணால் பார்த்தபடி சின்ன ரம்பத்தால் வெட்டுவார்கள். லேசான, நடுத்தர வளைவுக்கு எலும்பின் தலைக்குப் பக்கத்தில் 'வி' வடிவ வெட்டு, அதற்குச் செவ்ரான் என்று பெயர். இன்னும் அதிகம் நகர்த்த வேண்டுமானால் தண்டு முழுக்க நீளும் 'இசட்' வடிவ வெட்டு, அது ஸ்கார்ஃப். விரல் எலும்பிலேயே ஆப்பு வடிவில் ஒரு துண்டு எடுத்து விரலை நேராக்குவது ஏக்கின், இதைப் பெரும்பாலும் மற்றதோடு சேர்த்துச் செய்வார்கள். எலும்பு தொடங்குகிற இடத்து மூட்டையே இணைத்து ஒட்ட வைப்பது லாபிடஸ். கட்டைவிரல் மூட்டே தேய்ந்து போயிருந்தால் அந்த மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவதும் உண்டு.

சின்னத் துளை முறையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் சில துளைகள் போட்டு, பல் டாக்டர் கையில் வைத்திருக்கிற மாதிரி சுழலும் சிறு கருவியை உள்ளே விட்டு எலும்பை வெட்டுவார்கள். அந்தக் கருவிக்கு பர் என்று பெயர், சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். மெதுவான வேகத்தில் சுழலும், சூட்டில் எலும்பும் தோலும் வெந்துவிடாமல் இருக்க உப்பு நீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாது. சி-ஆர்ம் என்கிற எக்ஸ்-ரே திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை நடக்கும். வெட்டிய தலையைத் தள்ளி, துளை வழியாகவே ஸ்க்ரூக்களை ஏற்றிப் பொருத்துவார்கள்.

ஆக, சின்னத் துளை என்றாலும் எலும்பு உடைபடத்தான் செய்கிறது. எலும்பு சேர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதும் மாறாது. சிலர் "லேசர்" என்று விளம்பரம் செய்கிறார்கள். லேசர் எதுவும் எலும்பை நகர்த்தி நேராக்காது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் உள்ளே என்ன கருவி, எங்கே வெட்டு, எத்தனை ஸ்க்ரூ என்று கேளுங்கள். பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

சின்னத் துளை முறைக்கு ஏன் இவ்வளவு முரண்பட்ட பேச்சு

ஒரே முறையைப் பற்றி ஒரு டாக்டர் "அற்புதம்" என்பார், இன்னொருவர் "அதெல்லாம் வேண்டாம்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு காலத்து முறையைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலில் வந்த துளை முறைகளில் வெட்டிய எலும்பை உள்ளே எதையும் வைத்துப் பிடிக்கவில்லை, வெளியே கட்டுப்போட்டே நிறுத்தினார்கள். அடுத்து வந்தவற்றில் ஒரு கம்பியைச் சொருகி, அதன் நுனி தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சில வாரம் வைத்தார்கள். அவற்றின் முடிவுகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. 2010-இல் எந்தச் சிகிச்சையை எப்படிச் செய்யலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இந்தத் துளை முறைகளுக்கு ஆதாரம் போதாது, சிறப்பு ஏற்பாடுகளோடு, அதாவது நோயாளிக்கு விளக்கி ஒப்புதல் வாங்கி, முடிவுகளைக் கணக்கெடுத்து மட்டுமே செய்ய வேண்டும் என்று சொன்னது. மூன்றாம் தலைமுறை என்று சொல்லப்படுகிற, ஸ்க்ரூ போட்டு உள்ளேயே இறுக்கமாகப் பிடிக்கிற முறை அதற்கு அப்புறம்தான் பரவலாக வந்தது. அதில் பிரபலமானது மிகா, அதாவது செவ்ரானும் ஏக்கினும் துளை வழியாக.

அதனால் இணையத்தில் எதைப் படித்தாலும் முதலில் அது எந்த ஆண்டு எழுதியது, ஸ்க்ரூ போட்ட முறையா என்று பாருங்கள். டாக்டரிடமும் "எந்தத் தலைமுறை முறை செய்கிறீர்கள்?" என்று கேட்கலாம், தப்பில்லை.

எது எங்கே ஜெயிக்கிறது

துளை முறைக்குச் சாதகமாக உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு. தழும்பு சிறியது, முதல் சில வாரம் வலி குறைவு. 2017-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 50 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் துளை வழியாகவும் இன்னொரு குழுவுக்குத் திறந்து ஸ்கார்ஃப் முறையிலும் செய்தார்கள். முதல் ஆறு வாரத்தில் துளைக் குழுவுக்கு வலி குறைவாக இருந்தது. ஆறு மாதத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் பெரும்பாலானவை காட்டுவதும் இதே படம்தான்: ஆரம்பத்தில் துளை முறை முந்துகிறது, கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு. மூட்டு உறையைத் திறக்காமல் வெளியிலேயே வெட்டுவதால் விரல் விறைத்துப்போவது குறையும் என்பார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். திறந்து செய்தாலும் சொன்னபடி விரலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு அசைவு நன்றாகவே திரும்புகிறது.

திறந்த முறையின் பலம், எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. நரம்பு தெரியும், எலும்பு தெரியும், ஏதாவது எதிர்பாராதது வந்தால் அங்கேயே திட்டத்தை மாற்றலாம். இவ்வளவு ஆண்டு செய்து பழகிய முறை என்பதால் நீண்ட கால முடிவுகளும் தெரியும். கடுமையான வளைவு, தளர்ந்த அடிமூட்டு (நீண்ட எலும்பு தொடங்குகிற இடத்து மூட்டு), தேய்ந்த மூட்டு, முன்பு செய்து திரும்பி வந்தது, இப்படிச் சிக்கலான கால்களுக்குப் பல டாக்டர்கள் இன்றும் திறந்த முறையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

துளை முறையில் மட்டுமே அதிகம் கவலைப்பட வேண்டியவையும் உண்டு. பர் சூட்டால் தோலோ எலும்போ பாதிக்கலாம். பர் தடிமன் அளவுக்கு எலும்பும் தேய்ந்து போவதால் நீண்ட எலும்பு கொஞ்சம் குட்டையாகலாம். குட்டையானால் எடை பக்கத்து எலும்புகளுக்கு மாறி, இரண்டாம் விரலுக்கு அடியில் புதிதாக வலி தொடங்கும். பழகிய டாக்டர் வெட்டும் சாய்வை மாற்றியே இதைச் சரிக்கட்டிவிடுவார். பழகாதவர் கையில் இதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். ஸ்க்ரூவின் தலை தோலுக்கு அடியில் உறுத்தி, அப்புறம் எடுக்க வேண்டி வருவதும் நடக்கிறது.

மற்ற ஆபத்துகள் இரண்டுக்கும் பொது. தொற்று, கட்டைவிரலின் மேல் உள்பக்கம் மரத்துப்போவது, எலும்பு சேராமல் அல்லது கோணலாகச் சேருவது, விரல் அதிகமாக எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவது, காலில் ரத்தம் உறைவது, வளைவு திரும்ப வருவது. வளைவு திரும்ப வருவதைப் பற்றி யாரும் விரிவாகப் பேச மாட்டார்கள், நீங்களே கேளுங்கள்.

யாருக்கு எது

வளைவு லேசு அல்லது நடுத்தரம், மூட்டு தேயவில்லை, அடிமூட்டு ஆடவில்லை, பக்கத்தில் துளை முறையில் நன்றாகப் பழகிய டாக்டர் இருக்கிறார் என்றால் துளை முறை நல்ல தேர்வு. அதே காலுக்குச் செவ்ரான் முறையில் பழகிய டாக்டர் திறந்து செய்தாலும் ஓர் ஆண்டு கழித்து நீங்கள் நடக்கிற நடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வளைவு கடுமை என்றால் "துளையில் முடியுமா" என்று டாக்டரை நெருக்காதீர்கள். இப்போது துளை முறையிலேயே எலும்புத் தலையை முழு அகலத்துக்கும் நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது உண்மை, ஆனால் அது நன்றாகத் தேர்ந்த கைக்குரிய வேலை. அடிமூட்டு தளர்ந்திருந்தால் லாபிடஸ் பக்கம் போவார்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கும் மூட்டை இணைப்பதே பல நேரம் நிம்மதி தருகிறது, விரல் மடங்காது என்று பயப்படுகிறார்கள், ஆனால் இணைந்த மூட்டோடு வலி இல்லாமல் நடக்க முடியும்.

சர்க்கரை நோய் இருந்தால் "சின்னத் துளைதானே, ஆறிவிடும்" என்ற நினைப்பு வேண்டாம். காலில் உணர்ச்சி இருக்கிறதா, பாதம் வரை ரத்த ஓட்டம் வருகிறதா என்று சோதித்து, மூன்று மாதச் சராசரி சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகுதான் எந்த முறையும். ரத்த ஓட்டம் சரியில்லாத காலில் சின்னத் துளையும் ஆறாது. சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு எலும்பு சேருவது தாமதமாகும், சில வாரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும், எலும்பு சேரும் வரை தொடவும் கூடாது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமே வேண்டாம், எலும்பு வளர்ச்சி முடிகிற வரை காத்திருக்கத்தான் சொல்வார்கள், சின்ன வயதில் செய்தால் திரும்ப வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறோம், அப்படிக் கோபப்படுகிறவரிடம் காலை ஏன் கொடுக்க வேண்டும்?

என் காலுக்கு எந்த வெட்டு, ஏன்? இந்த முறையை நீங்களே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், இப்போதும் அடிக்கடி செய்கிறீர்களா? துளை முறையில் கை பழகுவதற்கு முதல் சில பத்து ஆபரேஷன்கள் ஆகும் என்பது டாக்டர்களே ஒத்துக்கொள்கிற விஷயம், அந்த முதல் சில பத்தில் நீங்கள் ஒருவராக இருக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. இரண்டு முறையும் தெரிந்த டாக்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம், அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதில் காரணம் இருக்கும். ஒன்று மட்டுமே தெரிந்தவர் எல்லாக் காலுக்கும் அதையே சொல்வார்.

இரண்டாம் விரலையும் இதோடு சரி செய்வீர்களா? எந்த மயக்கம், கணுக்காலில் ஊசியா, முதுகிலா? அன்றே வீட்டுக்குப் போகலாமா? எத்தனை நாள் காலில் எடை வைக்கக் கூடாது? ஸ்க்ரூவை எடுக்க வேண்டி வருமா? வளைவு திரும்ப வந்தால் அடுத்த வழி என்ன? வேறு ஆட்களின் ஆபரேஷனுக்கு முன், பின் எக்ஸ்-ரே காட்ட முடியுமா? போட்டோ வேண்டாம், போட்டோவில் எந்தக் காலையும் அழகாகக் காட்டலாம்.

செலவைப் பொறுத்தவரை துளை முறையில் பர், சிறப்பு ஸ்க்ரூ, சி-ஆர்ம் எல்லாம் சேர்ந்து பில் கூடலாம். இன்சூரன்ஸ் இருந்தால் முன்னதாகவே அனுமதி கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அழகுக்காகச் செய்வது என்று நினைத்துத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அதனால் வலி, நடக்கச் சிரமம், ஏற்கெனவே செய்துபார்த்த வைத்தியம், எக்ஸ்-ரே கோணம் எல்லாம் டாக்டரின் குறிப்பில் இருக்க வேண்டும். ஸ்க்ரூ செலவு முழுக்கக் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், பலருக்கும் இடிப்பது அங்கேதான்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம்

வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். குத்த வைத்து உட்காரும்போது எடை முழுக்கப் பாதத்தின் முன்பக்கம் விழும், வெட்டின எலும்பு அங்கேதான் இருக்கிறது. வாடகைக்குக் கமோடு நாற்காலி கிடைக்கும், எடுத்து வையுங்கள். மாடியில் படுக்கை என்றால் கீழே மாற்றுங்கள்.

மெட்டி போட்டிருப்பவர்கள் முன்னதாகவே கழற்றிவிடுங்கள், கால் வீங்கினால் மெட்டி விரலை நெரிக்கும். பல வருஷமாகக் கழற்றாத மெட்டி சோப்புக்கும் எண்ணெய்க்கும் வராது, தட்டாரிடம் போக வேண்டியிருக்கும், அதைக் கடைசி நாள் வரை விட்டுவைக்காதீர்கள். கால் நகத்தில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிடுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு விரலுக்கு ரத்தம் வருகிறதா என்று நகத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள். மருதாணி துடைத்தால் போகாது, ஆகவே அந்த மாதம் காலுக்கு வைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, முடக்குவாத மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதல் ஆறு வாரம்

கணுக்காலில் ஊசி போட்டு மரக்கச் செய்திருந்தால் முதல் சில மணி நேரம் வலியே தெரியாது. "ஒன்றுமே இல்லையே" என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டால் நடு ராத்திரியில் மொத்தமாக வந்து தாக்கும். மரப்பு போவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம்.

முதல் இரண்டு வாரம் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அதாவது படுத்துக்கொண்டு தலையணைகளின் மேல் கால். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டுவது போதாது. துளை முறை செய்துகொண்டவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். வலி குறைவாக இருப்பதால் மூன்றாம் நாளே சமையலறையில் நிற்பார்கள், சாயங்காலம் கால் பூசணியாகியிருக்கும்.

இரண்டு முறையிலும் பெரும்பாலும் அடிப்பக்கம் விறைப்பான தனிச் செருப்பு ஒன்று தருவார்கள், அதைப் போட்டு முதல் நாளிலிருந்தே குதிகாலில் எடை வைத்து மெதுவாக நடக்கலாம். லாபிடஸ் மட்டும் தனிக் கதை, சில வாரம் கால் ஊன்ற விடாமல் வைப்பவர்கள் உண்டு. அந்தச் செருப்பை ஆறு வாரம் வரை கழற்றக் கூடாது, வீட்டுக்குள்ளும்தான். வீட்டுக்குள் வெறுங்காலில் நடப்பது நமக்கு ரத்தத்தில் ஊறின பழக்கம், பூஜை அறைக்கும் அதே விதிதான், சாமி கோபித்துக்கொள்ளாது.

கட்டை நீங்களாகப் பிரிக்காதீர்கள், நனைக்காதீர்கள். குறிப்பாகத் துளை முறையில் ஸ்க்ரூவோடு சேர்ந்து அந்தக் கட்டும் விரலைச் சரியான திசையில் பிடித்து வைக்கிறது. சுமார் இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள், விரலை மேலும் கீழும் மடக்கும் பயிற்சியை எப்போது தொடங்குவது என்று அப்போது கேட்டுக்கொண்டு, சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்யுங்கள்.

வண்டி ஓட்டுவது எல்லோரும் கேட்பது. வலது கால் என்றால் கார் ஓட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அவசரத்தில் முழு பலத்தோடு பிரேக் மிதிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. பைக்கில் இடது காலால் கியரை மேலே தூக்கும்போது லிவர் இடிப்பது சரியாகக் கட்டைவிரல் பக்கம்தான், வலது காலில் பிரேக், ஆக எந்தக் கால் ஆனாலும் கியர் பைக் வேண்டாம். ஸ்கூட்டரில் பிரேக் கையில் இருக்கிறதே என்பார்கள், சிக்னலில் கால் ஊன்றித்தானே ஆக வேண்டும்.

உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில், காலை உயர்த்தி வைக்க இடம் கிடைத்தால் போகலாம். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை, துணிக்கடை, வகுப்பறை, நர்ஸ் வேலை எல்லாவற்றுக்கும் இரண்டு முதல் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். துளை முறை என்பதற்காக லீவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஓட்டம், குதிக்கிற விளையாட்டு எல்லாம் மூன்று மாதத்துக்கு முன் கிடையாது, சிலருக்கு ஆறு மாதம்.

வீக்கம் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். மூன்று மாதம் வரை சாயங்காலமானால் வீங்குவது சாதாரணம், சிலருக்கு ஓர் ஆண்டு வரைகூட இருக்கும். அதனால் ஆறு வாரத்தில் புது ஷூ வாங்கிவிடாதீர்கள், அளவு மாறும். வாங்கும்போது பழைய கூர்முனை ஷூ பக்கம் போகாதீர்கள். ஹாங்காங்கில் 1958-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஷூ போடுகிறவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்த வளைவு இருந்தது, வெறுங்காலில் திரிந்தவர்களில் 1.9 சதவீதம் பேருக்குத்தான். பரம்பரையும் ஒரு காரணம் என்றாலும், நேராக்கின விரலை மறுபடி குறுகலில் திணிப்பது ஆபரேஷன் காசைத் தண்ணீரில் போடுவது.

உடனே கூப்பிட வேண்டிய நேரம்

மாத்திரைக்கு அடங்காமல் வலி நாளுக்கு நாள் கூடுவது, கட்டு நனைந்து சீழ் வாடை, காய்ச்சல், விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ மாறுவது, எதிலாவது இடித்து விரல் திரும்பிவிட்ட மாதிரி தெரிவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கமாக வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108.

இன்னொரு காலிலும் பன்யன் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று கேட்பார்கள். துளை முறையில் அப்படிச் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊன்ற ஒரு நல்ல கால் இல்லாமல் நம் வீட்டுக் குளியலறை வாசற்படியைத் தாண்டிப் பார்த்தால்தான் தெரியும், ஒன்றை முடித்து மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்ததைச் செய்துகொள்ளுங்கள். அதற்குள் முதல் காலில் அந்த டாக்டரின் வேலை எப்படி என்பதும் தெரிந்துவிடும்.